முழு ஆளுக்கு அரைப்பேர்

"முழு ஆளுக்கு அரைப்பேர் எப்ப விழும்? சொல்லு பாப்போம், மருமகளே."

எனக்கு அப்போது ஏழு வயது. தோட்டத்திலிருந்து பன்வில பஸாருக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். மாமாவின் தோளில் சாக்கு, என் கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல். மாமா அம்மாவுக்கு அண்ணன். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், ரோலர் மிஷினில் வேலை. இறங்க முக்கால் மணி நேரம், சாமானோடு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கும்போது ஒரு கேள்வி வைப்பார், ஏறும்போதுதான் விடை. நடுவில் எவ்வளவு கெஞ்சினாலும் வாய் திறக்கமாட்டார்.

அரைப்பேர் என்றால் என்னவாக இருக்கும் என்று பஸார் முழுக்க யோசித்தேன். கால் உடைந்தவரா, பாதி உயிர் போனவரா? திரும்பி ஏறும்போது மழை பிடித்தது. கொழுந்து மடுவத்தில் ஒதுங்கினோம். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள், தராசுக் கொக்கியில் கொழுந்துச் சாக்கு தொங்கியது. கணக்கப்பிள்ளை நிறையைச் சொல்ல, ஒருவர் கொப்பியில் பதிந்தார். மாமா என் காதருகே குனிந்து, "அந்தா பாரு, விழுகுது" என்றார்.

எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேர்' என்போம். செக்ரோல் பதிவேட்டில் பேர் விழுந்தால் கூலி உண்டு. தோட்டம் வைத்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் பாதிக் கூலி. அதுதான் அரைப்பேர். காலையிலிருந்து மாலை வரை அட்டைக்கடியோடு மலையில் நின்றவர் முழு ஆள்தான், கொப்பியில் விழுவது அரைப்பேர். அன்றைக்கு வரிசையில் ஆறாவது ஆளாக நின்றது என் அம்மா. அவருக்கும் அரைப்பேர்தான் விழுந்தது. விடுகதையின் விடை என் அம்மாவாக இருந்ததை நான் மறக்கவே இல்லை. மாமாவும் அதைச் சிரிப்புக்காகக் கேட்கவில்லை என்பது சில வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

கண்டி பஸ் நிலையத்தில் அந்தக் காலத்தில் பொது அறிவுப் புத்தகங்கள் விற்பார்கள். மெல்லிய தாள், பிசுபிசுத்த மை. உலகிலேயே நீளமான நதி எது, உயரமான கோபுரம் எது, எந்த நாட்டின் தலைநகர் எது. எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார் மாமா. மனப்பாடம் செய்து ஒப்பித்தால் சந்தோஷப்படுவார். ஆனால் அவருடைய கேள்விகள் எதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்கவில்லை. காலுக்குக் கீழே கிடப்பதை எடுத்துத்தான் அவர் கேட்பார்.

ஓடைக்கரையில் காட்டுச்செடிகளுக்கு நடுவே சிவப்புப் பழம் பிடித்த செடி ஒன்று நிற்கும். "இத நட்டது யாரு?" விடை, கோப்பித் தோட்டத்து ஆட்கள். இன்று தேயிலை நிற்கும் மடுல்கலை, கெலேபொக்க, நக்கிள்ஸ் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கோப்பிக்காடு. 1869இல் இலங்கையில் கோப்பி இலைகளில் துரு போன்ற ஒரு பூஞ்சை நோய் கண்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. நோய் கண்டதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போன மலையெல்லாம் தேயிலை ஏறியது. டெய்லரைக் கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்து, கோப்பிச் செடியை நட்டு, களைப்பிலும் கொலராவிலும் மடிந்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். "நல்ல கேள்வி" என்று மட்டும் சொன்னார். விடை சொல்லாமல் அவர் விட்ட கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சொற்களைப் பற்றிக் கேட்கும்போது மாமாவுக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். விடிகாலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் இடம் பிரட்டுக்களம். நாங்கள் குடியிருந்தது லயம். "ரெண்டும் எங்கேருந்து வந்த வார்த்த?" பிரட்டு, பரேட்டிலிருந்து வந்தது. லயம், லைனிலிருந்து வந்தது. இரண்டும் படைமுகாம் சொற்கள், சிப்பாய்களை நிறுத்துவதும் சிப்பாய்களைக் குடிவைப்பதும். ஆரம்பகாலக் கோப்பித் துரைமாரில் பலர் பட்டாளத்து அதிகாரிகள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே வாட்டர்லூ போரில் நின்றவர், பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் கோப்பி போட்டவர். பட்டாளத்தை நடத்தியவர்கள் தோட்டத்தையும் அப்படியே நடத்தினார்கள். பத்தடி அறைகள் ஏன் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓடுகின்றன என்பதற்கு ஒரு வார்த்தைக்குள் விடை இருந்தது. பிற்காலத்தில் ஆசிரியையாக வகுப்பில் நின்றபோது வரலாற்றுப் பாடத்தை நான் பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களிலிருந்துதான் தொடங்கினேன்.

பன்வில பஸ் தரிப்பில் கண்டக்டர் "நுவர, நுவர" என்று கூவுவார். பஸ் போவது கண்டிக்கு. "கண்டிக்குப் போற பஸ்சுக்கு ஏன் கண்டின்னு கூவமாட்டேங்குறான்?" சிங்களவர்களுக்கு அந்த ஊர் மஹநுவர, பெரிய நகரம். அவர்களுடைய பழைய வழக்கில் மலைநாட்டுக்குக் 'கந்த உட ரட்ட' என்று பெயர். கந்த என்றால் மலை. அதைப் போர்த்துக்கேயர் தங்கள் வாயில் கண்டியாக்கினார்கள். அந்தக் கண்டி தமிழுக்கு வந்து, திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களில் கண்டிச்சீமை ஆனது. ஹட்டனும் பதுளையும் நுவரெலியாவும் ஊரில் இருந்தவர்களுக்குக் கண்டிச்சீமைதான்.

மடுல்கலை, கட்டுக்கலை என்று எழுதுகிறோமே, அந்தக் கலை எந்தக் கலை? ஆடல் பாடல் அல்ல. சிங்களத்தில் கெலே என்றால் காடு. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிறவர்கள் முள்ளுக்காட்டுப் பிள்ளையாருக்குத்தான் உடைக்கிறார்கள். வத்தேகமவை நாங்கள் வத்துகாமம் ஆக்கினோம். கம என்றால் கிராமம், அது நம் வாயில் காமம் ஆயிற்று. இரண்டு மொழிகள் ஒரே பாதையில் நடந்தால் இப்படித்தான் ஒன்றின் தூசு மற்றதில் படியும்.

அந்தத் தூசில் நானும் ஒருமுறை இடறினேன். பஸாரில் பாத்திரக்கடை வைத்திருந்த சிங்களக் குடும்பத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி. "தாத்தா வருகிறார்" என்று காட்டினாள். பார்த்தால் முப்பது வயதுகூட ஆகாத ஆள், கறுத்த முடி. இவரா உன் தாத்தா என்று திகைத்துப் போனேன். மாமா அன்றைக்கு ஏற்றம் முழுக்க இதைத்தான் பேசினார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அம்மா இரண்டு பேருக்கும் அம்மா. அக்கா இரண்டு பேருக்கும் அக்கா. மல்லி என்றால் அவர்களுக்குத் தம்பி, நமக்குக் காய்ச்சலுக்கு அவித்துக் குடிப்பது. அந்தப் பெண் இன்றும் எனக்குத் தோழி. அவளுடைய தாத்தாவை நானும் தாத்தா என்றே கூப்பிட்டேன். 1983 ஜூலை இனக்கலவரத்தில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் நான்கு பேரைத் தன் கடையின் பின்னறையில் வைத்துக் காப்பாற்றியவர் அவர்தான்.

என் சொந்தத் தாத்தா, அம்மாவின் அப்பா, 1920களில் மண்டபம் கேம்ப் வழியாக வந்தவர். கொலரா, அம்மை பரவாமலிருக்க அங்கே ஆட்களை நிறுத்திவைத்து, சோதித்து, பிறகுதான் கப்பலேற்றுவார்கள். ஊரில் அவர் எண்ணியது அணாவில். பதினாறு அணா ஒரு ரூபாய். இங்கே வந்ததும் நூறு சதம் ஒரு ரூபாய். முதல் சம்பளத்தை எண்ணத் தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வைத்திருந்தாராம். "ரூபாயை நூறாப் பிரிச்ச முதல் நாடு எது, இந்தியாவா சிலோனா?" சிலோன்தான். இங்கே 1872இல் சதம் வந்துவிட்டது. இந்தியாவில் அணா போய்ப் புதுக்காசு வந்தது 1957இல். எண்பத்தைந்து வருஷ வித்தியாசம். சதம் என்ற சொல்லைப் பாருங்கள். வடமொழியில் அது நூறு. பன்வில கடையில் அது நூறில் ஒன்று.

என் ஏழாவது வயதில்தான், 1971இல், அவர் இதையும் கேட்டார்: "ஞாயித்துக்கெழம லீவு இல்லாத நாடு எது?" அரபு நாடுகள் என்றேன். எங்கோ கேட்டிருந்தேன். "நீ போன வருசம் பள்ளிக்கூடத்துல சேந்தப்ப ஞாயித்துக்கெழம லீவு இருந்துச்சா?" யோசித்துப் பார்த்தால், இல்லை. 1966 முதல் 1971 நடுப்பகுதி வரை இலங்கையில் சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது. நிலவின்படி வரும் போயா நாளும் அதற்கு முந்தின நாளும்தான் கந்தோர்களுக்கும் பாடசாலைகளுக்கும் லீவு. நிலவின் கணக்கு ஏழுக்குள் அடங்காது. அதனால் சில வாரம் ஏழு நாள், சில வாரம் எட்டு நாள். வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டால் ஏழு என்று எழுதிய எங்களுக்கு ஆசிரியர் முழுப் புள்ளி போட்டார். வெளியே நாடு எட்டு நாள் வாரத்தில் நடந்துகொண்டிருந்தது.

ஸ்டோருக்குள் என்னை ஒருமுறைதான் கூட்டிப்போனார். வாடல் தட்டுகளின் மணம் இன்றும் மூக்கில் இருக்கிறது. பச்சை வெள்ளரிக்காயும் ஈரத் துணியும் கலந்தது மாதிரி ஒரு மணம். பெட்டிகளில் ஆங்கிலத்தில் ஒரேஞ்ச் பீக்கோ என்று அச்சடித்திருந்தது. "இதுக்குள்ள தோடம்பழம் எங்க இருக்கு?" தோடம்பழம் இல்லை. ஒல்லாந்து அரச குடும்பத்தின் பெயர் ஒரேஞ்ச், அங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். பீக்கோ சீனச் சொல், குருத்தின் மேல் படிந்த வெள்ளை முடியைக் குறிப்பது. அந்த வெள்ளை முடியை அம்மாவின் விரல்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை தொட்டிருக்கும்! ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து காய்ந்து ஒரு கிலோ தூளாகும். நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போகும். 1883 ஜூலை 30இல் தொடங்கிய ஏலம் அது. எங்கள் வீட்டில் கொதித்தது அடித்தூள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு அதைக் குடிப்போம். அரண்மனையிலும் பீக்கோ, லயத்திலும் தேத்தண்ணி, இரண்டும் ஒரே செடியின் இலை என்று மாமா சொன்னபோது அதை நம்பக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு கேள்வியையும் அவர் பஸார் வழியில் கேட்கவில்லை. ராத்திரி, குப்பி விளக்கு வெளிச்சத்தில், அம்மாவையும் அப்பாவையும் வைத்துக்கொண்டு கேட்டார். "ஒம்பது லட்சத்து எழுவத்தஞ்சாயிரத்துல நாம எந்தக் கணக்கு?" நான் பிறந்த 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட கணக்கு அது. 1948இல் குடியுரிமை இல்லாமல் போனவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வெட்டினார்கள். ஒரு மக்கள் கூட்டத்தைக் கொழுந்து மாதிரி நிறுத்துப் பிரித்த கணக்கு இது. இதில் எந்தத் தரப்பையும் நான் மன்னிக்கவில்லை. யாரும் எங்களைக் கேட்கவில்லை.

மாமா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார், அம்மா இலங்கைக்கு. ஒரே லயத்தில், ஒரே சுவரின் இரு பக்கத்தில் இரண்டு நாடு. 1973, 74 பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காமல் தோட்டங்களில் பசியால் ஆட்கள் செத்தபோது அவர் மனம் முற்றாக விட்டுப்போனது. 1978இல் கண்டி ஸ்டேஷனில் ஏற்றிவிட்டோம். தலைமன்னாருக்குப் போகிற அந்த ரயிலை எங்கள் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அழுகைச் சத்தத்தில் இன்ஜின் சத்தம் கேட்காது. ஜன்னல் வழியாக அவர் கேட்ட கேள்வி: "கோச்சின்னா என்னா வார்த்த, மருமகளே?" அழுதுகொண்டே யோசித்தேன். கோச் என்ற ஆங்கிலச் சொல் சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வந்தது. அதை நான் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, அவருடைய அப்பா எந்த மண்டபம் கேம்ப் வழியாக வந்தாரோ அதே கேம்ப் வழியாக அவர் போனார்.

கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில் வேலை கிடைத்தது. நாடு மாறினாலும் தேயிலை விடவில்லை. நீல ஏரோகிராமில் கடிதம் வரும். கடைசி வரி எப்போதும் கேள்வி. விடையை நான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் அவர் எழுதுவார். அங்கே அவரைச் 'சிலோன்காரர்' என்றார்களாம். "அங்க இருந்தப்ப இந்தியாக்காரன், இங்க வந்தா சிலோன்காரன். நான் எங்க போனா நானா இருப்பேன்?" என்று ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார். அதற்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது?

1991இல் வந்த கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வைத்தியத்துக்காக வேலூர் போயிருக்கிறார். "கண்டிக் கடைசி ராசாவைப் பொதச்ச எடம் எது?" கண்டியில்தான் என்று நினைத்திருந்தேன். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்க வம்சத்தவர், கண்டி ஏரியைக் கட்டியவர். ஆங்கிலேயர் கண்டிக்குள் வந்தபோது எங்கள் தும்பறை மலைப் பக்கம் ஓடி ஒளிந்தார். 1815 பெப்ரவரி 18இல் மெதமஹநுவரப் பக்கத்தில் பிடித்தார்கள். மறுவருஷம் கடல் கடத்தி வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதிக்குத் தமிழ்நாட்டு அரசு 1990இல் முத்து மண்டபம் கட்டியது. மாமா அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். "நம்ம மலையைப் பார்த்த கண்ணு இங்க கெடக்கு மருமகளே. பக்கத்துல உக்காந்தா ஊர்க்காரர் பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு" என்று எழுதியிருந்தார். கண்டி ராசாவைக் குறித்து எவ்வளவோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். இந்த இரண்டு வரிக்கு ஈடாக எதையும் படித்ததில்லை.

1996 மே 25இல் இலங்கையில் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க. ஒக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. அந்தப் பத்து வருஷமும் லயங்களில் யாரும் மணி சொன்னால் "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்பார்கள். நான் அப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பனியில், இருட்டில், கைகோத்துக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். வன்னியில் விடுதலைப் புலிகளின் பகுதியில் பழைய நேரமே நடந்தது. ஓமந்தையைத் தாண்டினால் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. இதைக் கேள்வியாக்கி நான் மாமாவுக்கு எழுதினேன்: ஒரு தீவுக்குள் இரண்டு நேரம் நடந்தது எங்கே? அவர் சரியாகச் சொல்லிவிட்டார். ரேடியோ கேட்கிற பழக்கம் அவரை விடவில்லை.

பன்வில என்றால் என்ன அர்த்தம் என்பது எங்களிடையே நீண்ட நாள் இழுபட்ட கேள்வி. அவருக்கும் தெரியாது. என் தோழியின் பாட்டி ஒருநாள் திண்ணையில் பாய் முடைந்துகொண்டிருந்தார். கையிலிருந்த கோரையைக் காட்டி அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "பன்" என்றார். வில என்றால் சிங்களத்தில் நீர்நிலை. கோரை வளர்ந்த குளக்கரை. அன்றிரவே எழுதிப் போட்டேன். பதிலில் ஒரே வரி: "நாப்பது வருசம் நடந்த ஊருக்கு இன்னைக்குத்தான் பேர் தெரிஞ்சுது."

மாமாவின் கடைசிக் கடிதம் 2004இல் வந்தது. அதிலிருந்த கேள்வி: "நம்ம தோட்டத்து மலைகளுக்கு நம்ம ஆளுங்க வச்ச பேர் எத்தன?" கந்தோர்க் கணக்கில் அவை நாலாம் நம்பர், ஒன்பதாம் நம்பர். கொழுந்தெடுக்கிற பெண்களின் வாயில் கோயில் மலை, கித்துள் மலை, ரெட்டைக்கான் மலை, பிள்ளை பெத்த மலை. மழையில் கூடையோடு நின்றபடியே ஒருத்தி பிரசவித்த இடம் அது. ஓய்வுபெற்ற மூன்று அம்மாக்களை உட்காரவைத்து எழுதினேன். பதினேழு பெயர்கள் தேறின. அனுப்பினேன், அவர் படித்தார், இரண்டு பெயர் விட்டுப்போனதாகத் தொலைபேசியில் சொன்னார். பத்தொன்பது. அடுத்த வருஷம் கூடலூரில் காலமானார்.

அந்தப் பெயர்கள் எந்த நில அளவைப் படத்திலும் இல்லை. மலைகள் தரிசாகின்றன, தோட்டங்கள் துண்டாகின்றன, இளசுகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இதைப் படிக்கிறவர் மலையகத்தில் இருந்தாலும், கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் இருந்தாலும், உங்கள் வீட்டு முதியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் கொழுந்தெடுத்த மலைக்கு என்ன பெயர்? கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், தோட்டத்தின் பெயரும் தேதியும் போட்டு.